கிணறும் குடித்தொகையும்: யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஊர்கள்

இலங்கைத் தீவின் வடமுனையில், பெருநதியோ மலையோ இல்லாமல், சுண்ணாம்புக்கற் பாறையின்மேல் மெல்லிய மண் போர்த்திக் கிடக்கும் தட்டை நிலமாகிய யாழ்ப்பாண மாவட்டத்தில், அதன் இன்றைய எல்லையின்படி, 1981-ஆம் ஆண்டில் சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 800 பேர் வாழ்ந்தனர். அது அந்நாளைய நாட்டுச் சராசரியின் மூன்று மடங்குக்கும் மேலானது. பொதுவாக இத்தகைய அடர்த்தியைப் பெருநகரங்களோ ஆற்றுச் சமவெளிகளோ தாங்கும் என்பது புவியியல் தரும் பாடம். யாழ்ப்பாணத்திலோ மக்களில் ஆறில் ஒரு பங்கினர் மட்டுமே மாநகர எல்லைக்குள் இருந்தனர். ஏனையோர் ஊர்களில், தத்தம் வளவுகளில், தத்தம் கிணற்றடிகளில் வாழ்ந்தனர். ஆறில்லாத நிலம் இத்தனை மக்களை எவ்வாறு தாங்கியது, அம்மக்களில் பெருந்தொகையினர் ஒரு தலைமுறைக் காலத்துக்குள் எவ்வாறு இல்லாமற் போயினர், எஞ்சியோரின் ஊர்களை இன்றைய கணக்கேடுகள் சரியாகக் காட்டுகின்றனவா என்ற வினாக்களை இச்சொற்பொழிவு எடுத்துக்கொள்கிறது.

முதலில் எல்லைகளைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். குடாநாடு என்பது பெரும்பாலும் நீர் சூழ்ந்து, ஒரு பக்கத்தால் மட்டும் பெருநிலத்துடன் ஒட்டியிருக்கும் நிலப்பகுதி. யாழ்ப்பாணக் குடாநாட்டை வடக்கிலும் கிழக்கிலும் திறந்த கடலும், தெற்கில் கடல்நீரேரியும் சூழ்ந்துள்ளன. கடல்நீரேரி என்பது கடலுடன் தொடர்புடைய ஆழங்குறைந்த உவர்நீர்ப் பரப்பு. கிழக்கே சுண்டிக்குளம் பகுதியிலுள்ள ஒடுங்கிய மணற்பரப்பும், ஆனையிறவில் நீரேரியைக் குறுக்கறுத்து அமைக்கப்பட்ட வீதியும் ரயில் பாதையும், 2011-இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலமுமே இதனை வன்னிப் பெருநிலத்துடன் இணைக்கின்றன. மரபு வழியில் குடாநாடு நான்கு பற்றுகளாகப் பிரிக்கப்படும்: மேற்கில் வலிகாமம், வடகிழக்கில் வடமராட்சி, தெற்கில் தென்மராட்சி, தென்கிழக்கில் பச்சிலைப்பள்ளி. ஆயினும் நிர்வாக மாவட்டத்தின் எல்லை இப்புவியியல் எல்லையோடு பொருந்துவதில்லை. 1984-இல் கிளிநொச்சி தனி மாவட்டமானபோது பச்சிலைப்பள்ளி அதனுடன் சேர்ந்தது. குடாநாட்டின் பகுதியல்லாத நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு முதலிய தீவுகளோ யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் நின்றன. எனவே இங்கு தரப்படும் மாவட்ட எண்களைக் குடாநாட்டின் எண்களாகக் கொள்ளும்போது இவ்விரு வேறுபாடுகளையும் மனத்திற் கொள்ள வேண்டும்.

குடித்தொகைப் பரம்பலின், அதாவது மக்கள் எங்கெங்கு எவ்வளவு அடர்த்தியாக வாழ்கின்றனர் என்னும் அமைப்பின், திறவுகோல் நிலத்தின் அடியில் இருக்கிறது. குடாநாட்டின் பாறை மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். மழைநீரில் கரைந்து கரைந்து உள்ளே வெடிப்புகளும் குகைகளும் விழுந்த பாறை. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகீழ்ப் பருவக்காற்றே ஆண்டு மழையின் பெரும்பகுதியைத் தருகிறது. அம்மழை பாறைக்குள் இறங்கி, கடலிலிருந்து ஊடுருவி நிற்கும் உவர்நீருக்கு மேலே, அதைவிட அடர்த்தி குறைந்ததாகையால், ஒரு நன்னீர் வில்லையாக மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயர்ந்திருந்தால் அதன் அடியில் ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலில் கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி எனப்படும். இவ்விதியின் மறுபக்கம் அச்சம் தருவது: மேல்மட்டம் ஒரு மீற்றர் தாழ்ந்தால், கீழிருந்து உவர்நீர் 40 மீற்றர் மேலெழும் வாய்ப்பு உண்டு. குடாநாட்டு மக்கள் இதனை விதியாக அறியாவிடினும் அனுபவத்தால் அறிந்திருந்தனர். கிணற்றை அளவோடு இறைக்க வேண்டும், ஊறவிட்டு இறைக்க வேண்டும் என்ற ஒழுங்கு துலாவின் காலத்தில் தானாகவே நிலவியது. மனிதர் துலா மிதித்து இறைக்கும் நீருக்கு உடலே ஓர் எல்லையாக இருந்தது.

சுன்னாகம், தென்மராட்சி, வடமராட்சி, ஊர்காவற்றுறை என நான்கு நிலத்தடி நீர்த்தேக்கங்களை நீரியலாளர் பிரித்துக் காட்டுவர். இவற்றில் பெரியதும் வளமானதும் வலிகாமத்தின் அடியிலுள்ள சுன்னாகத் தேக்கம். அதன் மேலேதான் குடாநாட்டின் செம்மண் தறைகள் உள்ளன. அங்கேதான் மக்களும் மிக நெருங்கி வாழ்கின்றனர். நீர், மண், மக்கள் ஆகிய மூன்றின் வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அவை பெரிதும் பொருந்திவிடும். கோப்பாய், உரும்பிராய், இணுவில், உடுவில், ஏழாலை, புன்னாலைக்கட்டுவன், அச்சுவேலி என ஓர் ஊரின் வேலி முடியுமுன் அடுத்த ஊரின் வேலி தொடங்கும் இப்பரப்பில், புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் வாழையும் சிறு சிறு துண்டு நிலங்களில் விளைந்தன. நிலம் பரப்புக் கணக்கில் அளக்கப்பட்டது. 16 பரப்பு ஓர் ஏக்கர். இரண்டு மூன்று ஏக்கர் தோட்டக் காணி உடையவர் வசதியானவராகக் கருதப்பட்ட நாட்டில், ஒரு கிணற்றைப் பலர் பங்காக வைத்துக்கொண்டு முறை வைத்து இறைத்தனர். வலிகாமத்தின் ஒரே ஓடையாகிய வழுக்கையாறு மழைக்காலத்தில் மட்டும் தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து அராலிக் கடலை நோக்கி ஓடுவது. கோடையில் அது வெறும் தாழ்நிலம். புத்தூரை அடுத்த நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் பாறைக்குள் ஓடும் நீர் வெளித் தெரியும் இடங்கள்.

ஆயினும் கிணறு எல்லோருக்கும் ஒரே அளவில் நீர் தரவில்லை. குடாநாட்டின் ஊர் என்பது பல குறிச்சிகளின் தொகுப்பு. குறிச்சிகள் பெரும்பாலும் சாதி வழியே அமைந்தவை. ஒடுக்கப்பட்ட சாதியினர் நிலமுடையோரின் கிணறுகளில் தாமே அள்ளுவதற்குத் தடுக்கப்பட்டு, பிறர் அள்ளி ஊற்றும் வரை குடத்துடன் காத்து நிற்க வேண்டியிருந்த நிலை 20-ஆம் நூற்றாண்டிலும் வெகுகாலம் நீடித்தது. ஆலயங்களிலும் தேநீர்க் கடைகளிலும் நுழையும் உரிமைக்காக 1960-களில் நடந்த போராட்டங்கள் பரவலாக அறியப்பட்டவை. 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நடந்தது அவற்றுள் முதன்மையானது. கிணற்றுக்கான உரிமை அவ்வளவு பேசப்படவில்லை எனினும், வாழ்வுக்கு அதுவே நெருக்கமானது. நீரையும் நிலத்தையும் கொண்டு இந்நாட்டின் குடித்தொகையை விளக்க முற்படும் எந்த ஆய்வும், அந்நீரும் நிலமும் யார் கையில் இருந்தன என்பதைச் சொல்லாமல் விடின் பாதி உண்மையையே சொன்னதாகும்.

ஏனைய பற்றுகளைச் சற்று விரைவாகவே கடக்கலாம். தென்மராட்சி மணற்பாங்கானது, தென்னையும் மாவும் பலாவும் மானாவாரி நெல்லும் நிறைந்த, வலிகாமத்தை நோக்க ஐதான குடியிருப்பு கொண்டது. சாவகச்சேரி அதன் நகரம். கொடிகாமம் அதன் சந்தை. வடமராட்சியில் பருத்தித்துறை, வல்வெட்டித்துறை ஆகிய கரையோரத் துறைகளும் நெல்லியடி, கரவெட்டி, அல்வாய் போன்ற உட்புற ஊர்களும் வேறு வேறு தொழில்களால் வாழ்ந்தன. வல்வெட்டித்துறையின் கப்பற் கட்டுநர்கள் அமைத்த பாய்க்கப்பலாகிய அன்னபூரணி, 1938-இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. கணக்கேட்டில் சில ஆயிரம் பேராக மட்டும் தெரியும் ஒரு சிற்றூரின் ஆற்றலுக்கு அது சான்று. வடமராட்சி கிழக்கின் மணற்குன்றுகளில் மீனவர் ஊர்கள் அருகியே உள்ளன. 2004-இன் ஆழிப்பேரலை அவற்றையே மிகக் கடுமையாகத் தாக்கியது. பளையை மையமாகக் கொண்ட பச்சிலைப்பள்ளி, தென்னந்தோட்டங்களின் நிலம். உள்நாட்டுப் போரின் முகமாலைப் போர்முனையும் அங்கு புதைக்கப்பட்ட கண்ணிவெடிகளும் அதனை நெடுங்காலம் மனிதர் நடமாட முடியாத இடமாக்கின.

நகரத்தின் வரலாறு ஊர்களின் வரலாற்றைவிடக் குறுகியது. யாழ்ப்பாண அரசின் தலைநகர் நல்லூர். 1619-இல் அவ்வரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், நீரேரிக் கரையில் கோட்டை கட்டி ஆட்சி மையத்தை அங்கு நகர்த்தினர். இன்றைய யாழ்ப்பாண நகரின் தோற்றம் அதுவே. அவர்கள் குடாநாட்டைக் கோயிற்பற்றுகளாக, அதாவது ஒவ்வொரு மாதா கோயிலுக்கும் உட்பட்ட நிர்வாகப் பிரிவுகளாக வகுத்தனர். 1658-இல் வந்த ஒல்லாந்தர் அதே பிரிவுகளைப் பின்பற்றி நிலத்தையும் ஆட்களையும் பதிந்த தோம்புகளைப் பேணினர். தோம்பு என்பது யார் எந்த நிலத்துக்கு உரியவர், யார் எவ்வளவு வரியும் ஊழியமும் செலுத்த வேண்டும் என்பதைக் காட்டும் பதிவேடு. குடாநாட்டு மக்கள் பெயர் பெயராக எண்ணப்பட்டது வரி வாங்குவதற்காகவே என்பதை அது நினைவூட்டுகிறது. ஒல்லாந்த மதகுரு பால்டேயஸ் 1672-இல் வெளியிட்ட நூலில் இப்பற்றுகளையும் அவற்றின் கோயில்களையும் வரிசையாக வருணித்துள்ளார். இன்றும் ஊர்ப் பெயர்களாக வழங்குபவற்றுள் பல அப்பட்டியலில் அன்றே இடம்பெற்றவை. ஊர்கள் அத்தனை நிலையானவை.

இதன் பின்னர் நேர்ந்தது வழமைக்கு மாறானது. 19-ஆம் நூற்றாண்டில் புதிய கல்வி வந்தபோது அது நகரத்தில் மட்டும் குவியவில்லை. 1816-இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், மானிப்பாய் ஆகிய ஊர்களில் நிலைகொண்டனர். வட்டுக்கோட்டைச் செமினரி 1823-இலும், உடுவில் மகளிர் பாடசாலை 1824-இலும் தொடங்கின. மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழில் மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். பின்னர் சைவ மக்கள் எழுப்பிய பாடசாலைகளும் ஊர் தோறும் எழுந்தன. பொன்னம்பலம் இராமநாதன் 1921-இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி திருநெல்வேலியில் அமைந்தது. அதன் வளாகத்திலேயே 1974-இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சந்தைக்கும் நகரத்துக்குக் குடிபெயர வேண்டிய தேவை குடாநாட்டு மக்களுக்கு எழவில்லை. ஊரில் இருந்துகொண்டே நகரத்தவராக வாழும் ஒரு வாழ்க்கைமுறை அங்கு உருவாகியது. மக்கள் செறிவு நகரில் குவியாமல் வலிகாமம் முழுவதும் பரவி நின்றமைக்கு அது பெருங்காரணம்.

மக்களின் வருவாயும் ஊருக்குள் அடங்கியதாக இருக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஆங்கிலங் கற்ற யாழ்ப்பாண இளைஞர் மலாயாவின் ரயில்வேயிலும் அரச அலுவலகங்களிலும் எழுதுவினைஞர்களாகவும் நில அளவையாளர்களாகவும் சேர்ந்தனர். 1905-இல் கொழும்புடன் ரயில் தொடர்பு முழுமையானபின், கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் உத்தியோகமும் கடை வணிகமும் அவர்களை ஈர்த்தன. அவர்கள் அனுப்பிய பணத்தில் ஊரில் கல்வீடுகளும் கிணறுகளும் கோயிற் கோபுரங்களும் எழுந்தன. 'மணியோடர் பொருளாதாரம்' என்ற தொடரை யாழ்ப்பாணத்தாரே தம் நிலையைச் சுட்ட வழங்கினர். ஓய்வூதியத்துடன் திரும்பி வந்து ஊரில் குடியிருப்பதே அந்நாளைய வழக்கம். எனவே ஓர் ஊரின் கணக்கில் பதிந்தவர் வேறு, அவ்வூரால் வாழ்ந்தவர் வேறு, அவ்வூரை வாழ்வித்தவர் வேறு என்ற நிலை நூறாண்டுகளுக்கு முன்னரே தோன்றிவிட்டது. 1970-களின் தொடக்கத்தில் அரசு வெங்காயம், மிளகாய் ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது தோட்டக்காரர் சில ஆண்டுகள் செழித்தனர். நீர் இறைக்கும் இயந்திரங்கள் அக்காலத்தில்தான் வேகமாகப் பரவின. 1977-க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட, அச்செழிப்புச் சரிந்தது.

இங்கு நகரம், கிராமம் என்ற வகைப்பாட்டின் குறையைச் சுட்டுவது அவசியம். இலங்கையில் மாநகர சபை, நகர சபை ஆகியவற்றின் எல்லைக்குள் இருப்பவர் மட்டுமே நகரக் குடித்தொகையாகக் கொள்ளப்படுவர். முன்னர் பட்டின சபைகள் என்ற மூன்றாவது வகை ஒன்று இருந்தது. சுன்னாகம், மானிப்பாய் போன்றவை அதில் அடங்கின. பட்டின சபைகளும் கிராம சபைகளும் ஒழிக்கப்பட்டு, அவற்றின் இடங்கள் 1987-இன் பிரதேச சபைச் சட்டத்தின் வழி பிரதேச சபைகளுக்குள் சேர்க்கப்பட்டபோது, அதுவரை நகரமாக எண்ணப்பட்ட இடங்கள் ஒரே நாளில் கிராமங்களாயின. இன்று யாழ்ப்பாண மாவட்டத்தில் யாழ்ப்பாண மாநகர சபையும், பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, சாவகச்சேரி ஆகிய மூன்று நகர சபைகளும், 13 பிரதேச சபைகளும் உள்ளன. 2012-இன் கணக்கில் மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரே நகரத்தவர். குடாநாட்டின் பெருஞ்சந்தை கூடும் சுன்னாகம் அதன்படி கிராமம். பல்கலைக்கழகம் அமைந்த திருநெல்வேலியும், நல்லூர்ப் பிரதேச சபைக்கு உட்பட்டதாகையால், கிராமமே. மாநகர எல்லையிலிருந்து கோண்டாவில், இணுவில் வழியாகச் சுன்னாகம் வரை செல்லும் காங்கேசன்துறை வீதியின் இருபுறமும் கடைகளும் வீடுகளும் இடையறாது நிற்கின்றன. அந்நிலப்பரப்பைக் கிராமம் என்று பதிவது, வடிகால், கழிவகற்றல், குடிநீர் ஆகியவற்றுக்கான நிதியை அதற்கு மறுப்பதற்கே வழிசெய்கிறது. இது பெயரிடும் சிக்கல் மட்டுமன்று. நகரச் செறிவில் மக்கள் வாழும் இடத்தில், கிராம அளவில் திட்டமிட்ட மலக்குழிகள் கிணற்றுக்கு அருகே அமைகின்றன. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் அக்கழிவை வடிகட்டாமல் நேரே நிலத்தடி நீரில் சேர்க்கின்றன.

இனிக் குடித்தொகையின் பெருவீழ்ச்சிக்கு வரவேண்டும். யாழ்ப்பாண மாவட்டத்தின் மக்கள் தொகை, கிளிநொச்சியும் சேர்ந்திருந்த அக்கால எல்லையின்படி, 1963-இல் 6 இலட்சத்தையும் 1971-இல் 7 இலட்சத்தையும் கடந்து, 1981-இல் 8 இலட்சத்து 30 ஆயிரத்தை எட்டியது. அவ்வளர்ச்சியில் ஒரு பங்கு, இரணைமடுக் குளத்தின் கீழ்க் காணி பெற்று வன்னிக்குச் சென்ற குடாநாட்டுக் குடும்பங்களால் ஆனது. கிளிநொச்சியை நீக்கி இன்றைய மாவட்ட எல்லைக்கு 1981-இன் எண்ணைக் கணித்தால் அது 738,788. மாநகரத்தில் மட்டும் 118,224. அதன் பின் முப்பத்தோராண்டுகள் முழுமையான குடிசன மதிப்பீடு எதுவும் நடக்கவில்லை. 1991-இல் நாடெங்குமே அது நடைபெறவில்லை. 2001-இல் வடக்கில் அதனை நிறைவேற்ற இயலவில்லை. போர் முடிந்தபின் 2012-இல் எண்ணப்பட்டபோது மாவட்டத்தில் இருந்தவர் 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர். மாநகரத்தில் 88 ஆயிரம் பேர். அதே காலத்தில் நாட்டின் குடித்தொகை 1 கோடியே 48 இலட்சத்திலிருந்து 2 கோடியே 3 இலட்சத்துக்கு, ஏறத்தாழ 37 விழுக்காடு, வளர்ந்திருந்தது. யாழ்ப்பாணமும் அந்த விகிதத்தில் வளர்ந்திருக்குமாயின் 2012-இல் அங்கு 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்திருக்க வேண்டும். இடைவெளி 4 இலட்சத்தைத் தாண்டுகிறது. இவ்வெண் இறந்தவரின் தொகை அன்று. இறந்தவர், நாட்டை விட்டு நீங்கியவர், நாட்டின் வேறு பகுதிகளில் குடியேறியவர், அவர்கள் அனைவருக்கும் பிறந்திருக்கக்கூடிய, ஆனால் இங்கு பிறவாத பிள்ளைகள் என எல்லோரையும் அது தன்னுள் கொண்டது. 2024-இன் இறுதியில் நடந்த கணக்கெடுப்பிலும் 1981-இன் அளவு எட்டப்படவில்லை.

அவ்வீழ்ச்சி படிப்படியாக நிகழ்ந்ததன்று. சில நாட்களில், சில வேளைகளில் சில மணி நேரத்தில், ஊர்கள் காலியாயின. 1983 சூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பின் தென்னிலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் குடாநாட்டுக்குத் திரும்பினர். அதே காலத்தில் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் பெயர்ச்சி தொடங்கியது. 1990-இல் பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை முதலிய வலிகாமம் வடக்கு ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவ்விடங்கள் பின்னர் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாயின. 1950-இல் சிமெந்துத் தொழிற்சாலை தொடங்கிய காங்கேசன்துறை, குடாநாட்டில் தொழில்நகரம் எனத் தக்க ஒரே இடமாக இருந்து, மக்களற்ற இடமாயிற்று. மயிலிட்டித் துறைமுகம் 2017-இலேயே மீனவருக்குத் திரும்பக் கிடைத்தது. அதே 1990-இன் ஒக்டோபரில், வட மாகாணத்தின் முஸ்லிம்கள் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர்; யாழ் நகரின் சோனகதெருவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களுக்குச் சில மணி நேரமே தரப்பட்டது. தமிழ் ஊர்களின் இழப்பை எண்ணும் கை இவ்விழப்பைத் தாண்டிச் செல்லுமாயின், அக்கணக்கு நேர்மையற்றது. 1995 ஒக்டோபர் இறுதியில் இராணுவம் நகரை நெருங்கியபோது, புலிகளின் கட்டளையின்படி வலிகாமத்தின் இலட்சக்கணக்கான மக்கள் ஒரே இரவில், மழையில், செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தனர். அடுத்த ஆண்டு ஒரு பகுதியினர் திரும்பினர். மற்றொரு பகுதியினர் வன்னிக்குச் சென்று 2009-இன் இறுதிப் போருக்குள் அகப்பட்டனர்.

போரின் பின் எண்ணப்பட்ட சமூகத்தில் பெண்கள் ஆண்களைவிட அதிகம். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் பல. 435 கிராம அலுவலர் பிரிவுகளில் 2012-இன் மக்களைச் சமமாகப் பங்கிட்டால் ஒரு பிரிவுக்கு ஏறத்தாழ 1,340 பேர் வருவர். உண்மையிலோ தீவகத்தின் பிரிவுகள் வெறுமையாகவும் மாநகரைச் சூழ்ந்தவை நெருக்கமாகவும் உள்ளன. புங்குடுதீவு போன்ற இடங்களில் கூரை இழந்த கல்வீடுகள் வரிசையாக நிற்க, அவற்றின் உரிமையாளர் கொழும்பிலும் தொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வாழ்கின்றனர். இதற்குச் சட்டத்தின் பின்னணியும் உண்டு. ஒல்லாந்தர் 1707-இல் தொகுத்த தேசவழமை, பெற்றோர் வழி வரும் முதுசத்தையும் பெண்ணுக்குக் கொடுக்கும் சீதனத்தையும் வாழ்நாளில் ஈட்டும் தேடியதேட்டத்தையும் வேறு வேறாக வகுத்து, பங்காளிகளுக்கு நிலத்தை முதலில் வாங்கும் உரிமையைத் தந்தது. பல தலைமுறையாகப் பிரிந்த காணியின் பங்காளிகள் இன்று ஐந்து நாடுகளில் இருக்கும்போது, ஒரு துண்டு நிலத்தை விற்கவோ பயிரிடக் கொடுக்கவோ எல்லோரின் ஒப்புதலையும் திரட்டுவது அரிது. மக்கள் இல்லாத இடத்தில் நிலம் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. நிலமில்லாத மக்களோ, இடம்பெயர்ந்தோர் முகாம்களில் போருக்குப் பின்னும் நெடுங்காலம் தங்கினர். அவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதும், திரும்பிச் செல்ல அவர்களுக்குச் சொந்தக் காணி முன்பே இருக்கவில்லை என்பதும் மேலே கூறிய கிணற்றுரிமையின் வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை.

குறைந்த மக்களுக்குக் கூடுதல் நீர் எஞ்சியிருக்க வேண்டும் என ஒருவர் எண்ணக்கூடும். நடந்தது அவ்வாறன்று. துலாவின் இடத்தை மின் இயந்திரம் எடுத்துக்கொண்டபின் இறைப்புக்கு உடலின் எல்லை இல்லாமற் போனது. செயற்கை உரத்தின் நைத்திரேற்று வலிகாமத்துக் கிணறுகளில் பலவற்றில் குடிநீருக்குரிய அளவைத் தாண்டியது. 2014, 2015 ஆண்டுகளில் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய்க் கலப்புக் கண்டறியப்பட்டு மக்கள் கலங்கினர். ஊர்களின் நடுவே இருந்த குளங்களும் கேணிகளும் மழைநீரைத் தேக்கிப் பாறைக்குள் இறக்குவதற்கென்றே முன்னோர் வெட்டியவை. அவற்றிற் பல தூர்ந்தன, சில கட்டடங்களாயின. பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1954-இல் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டம் இவ்விடத்திற் பேசத்தக்கது. ஆனையிறவு நீரேரியைக் கடலிலிருந்து தடுத்து, கனகராயன் ஆற்றின் நீரால் நன்னீராக்கி, முள்ளியான் கால்வாய் வழியே வடமராட்சி நீரேரிக்கும் உப்பாற்றுக்கும் செலுத்தி, நிலத்தடி நீரை வளப்படுத்துவது அதன் கருத்து. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன. மற்ற வேலைகள் அரைகுறையாக நின்றன. குடாநாட்டைப் பற்றி எழுதப்பட்ட திட்டங்களில், நிலத்தின் இயல்பை அறிந்து அதற்கு இசைவாக எழுதப்பட்டது இதுவே. அது முடிக்கப்படாமை குடாநாட்டுக்குப் பெரும் இழப்பு.

இப்போது வடமராட்சி கிழக்கின் தாளையடியில் 2024-இல் திறக்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்திலிருந்து குழாய் வழி நீர் வருகிறது. குடிநீருக்குக் கிணற்றை நம்பியிராத ஊர் என்பது குடாநாட்டின் வரலாற்றில் புதிது. அதன் விளைவு குடிநீரோடு நில்லாது. இதுவரை நன்னீர் வில்லை தடித்த இடத்தில் மக்கள் செறிந்தனர், மெலிந்த இடத்தில் ஐதாயினர். குழாய் சென்ற இடமெல்லாம் வீடு எழலாம் என்ற நிலை வந்தால், செம்மண் தறைகள் வீட்டு மனைகளாகும் வேகம் கூடும். மழை இறங்கும் நிலம் சுருங்கும். உவர் முன்னேறிய கரையோர ஊர்களில் மக்கள் தங்குவதற்கும் அதுவே வழி தரும். ஆகவே எந்த ஊருக்குக் குழாய், எந்த நிலம் தோட்டமாகவே பேணப்படும், சுன்னாகத்தையும் திருநெல்வேலியையும் எப்போது நகரமாக எண்ணி அங்கு கழிவுநீர்க் குழாய் அமைக்கப்படும் என்ற முடிவுகள் தனித்தனி அலுவலகங்களில் தனித்தனியே எடுக்கப்படலாகாது. அவற்றுக்கு ஊர்வாரியாக மூன்று எண்கள் ஒருங்கே வேண்டும்: அங்கு வாழ்வோர் எத்தனை பேர், அங்கு உரிமை வைத்துக்கொண்டு வெளியே வாழ்வோர் எத்தனை பேர், அங்குள்ள கிணறுகள் எத்தனை, அவற்றின் உவர்ப்பும் நைத்திரேற்றும் எவ்வளவு. முதலாவது எண்ணைக் குடிசன மதிப்பீடு தருகிறது. மூன்றாவதன் சில பகுதிகள் நீர்வழங்கல், விவசாய, பல்கலைக்கழக ஆய்வுகளில் சிதறிக் கிடக்கின்றன. இரண்டாவதைக் காணிப் பதிவேடுகளிலிருந்து கிராம அலுவலர் பிரிவு தோறும் திரட்டும் பணியைப் பிரதேச செயலகங்கள் பல்கலைக்கழகத்தின் புவியியற்றுறையுடன் சேர்ந்து தொடங்கலாம். வலிகாமம் வடக்கிலும் தீவகத்திலும் அது முதலில் தொடங்கப்பட வேண்டும்.